ஒன்றேகால் மணி நேரத்தில் முப்பத்தொரு வீடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுகாதாரப் பணியாளர் ஒருவர், யாருடைய கையிலும் பட்டையைச் சுற்றாமலேயே, தன் வீட்டில் உட்கார்ந்தபடி ரத்த அழுத்த அளவுகளைக் கற்பனையாக எழுதினார் என்று நான் ஓர் அறிக்கை கொடுத்தேன். அதனால் அவருக்கு வேலை போயிற்று. அவர் எழுதிய ஒவ்வோர் அளவும் உண்மையானது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஏழு மாதம் ஆயிற்று என்று சிலரிடம் சொல்லி வந்தேன். அதுவும் சரியில்லை. அறிக்கையில் கையெழுத்துப் போட்ட அன்றே எனக்குப் பாதி தெரியும்.

முப்பத்து மூன்று வருடம் கல்லூரியில் புள்ளியியல் நடத்தினேன். ஓய்வுபெற்ற பின் வில்லியனூரில் வீட்டோடு கிடக்கப் பிடிக்கவில்லை. பொதுச் சுகாதாரத் திட்டங்களை மதிப்பீடு செய்யும் ஒரு சிறு நிறுவனம் கூப்பிட்டது, போனேன். அது என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு இப்படிச் சொல்வேன்: ஒரு திட்டத்தை நடத்துகிறவர், "இத்தனை பேருக்குச் செய்தோம்" என்கிறார். செய்தார்களா என்று நேரில் போய்ப் பார்த்துச் சொல்ல, அவருக்கு வேண்டியவனும் இல்லாத, வேண்டாதவனும் இல்லாத ஒரு மூன்றாவது ஆள் தேவை. அந்த ஆள் நான்.

அந்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வகுப்பறையில் கரும்பலகையில் எழுதிய எண்களெல்லாம் இங்கே மனிதர்களாக நடந்தன. கொடுத்த கொசுவலை கட்டிலுக்கு மேல் இருக்கிறதா, கோழிக்கூண்டுக்கு மேல் இருக்கிறதா? இரும்புச்சத்து மாத்திரையை வாங்கியவள் விழுங்கினாளா, முருங்கை மரத்தடியில் எறிந்தாளா? அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு. எனக்கு அதற்கு ஓர் அடையாள அட்டையே கொடுத்திருந்தார்கள்.

முதல் இரண்டு மதிப்பீடுகளிலும் குறை ஒன்றும் இல்லை என்று எழுதினேன். உண்மையிலேயே குறை இல்லை. ஆனால் அலுவலகத்தில், "வாத்தியார் எல்லாரையும் பாஸ் போட்டுடுவாரு" என்று யாரோ சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்தது. சின்னப் பேச்சுதான். அதை நான் மறந்துவிட்டதாக நினைத்தேன். மறக்கவில்லை என்பது மூன்றாவது மதிப்பீட்டில் தெரிந்தது.

அது ஓர் அறக்கட்டளை பாகூரைச் சுற்றியுள்ள சில ஊர்களில் நடத்திய ரத்த அழுத்தத் திட்டம். ஊருக்கு ஒரு பணியாளர். பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொரு நோயாளியின் வீட்டுக்கும் போக வேண்டும். அவரை ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைக்க வேண்டும். பிறகு மெஷினில் அளவு பார்த்து, நேரத்தோடு பதிவேட்டில் எழுதி, ஒரு மாதத்துக்கான மாத்திரையைக் கொடுக்க வேண்டும்.

ஏரிக்குத் தெற்கே இருக்கும் ஓர் ஊரின் பதிவேட்டைப் புரட்டியபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். மாதத்தின் முதல் திங்கட்கிழமை, ஒரே பக்கத்தில் முப்பத்தொரு பெயர்கள். முதல் அளவு காலை ஐந்து ஐம்பதுக்கு. கடைசி அளவு ஏழு ஐந்துக்கு. ஒன்றேகால் மணி நேரத்தில் முப்பத்தொரு வீடு! ஐந்து நிமிடம் உட்கார வைப்பது எங்கே, அளப்பது எங்கே, அடுத்த வீட்டுக்கு நடப்பது எங்கே?

ஊரின் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு பென்சிலால் கோடு போட்டேன். முதல் பெயர் கீழத் தெரு. இரண்டாவது ஊரின் மறுகோடியில் காலனி. மூன்றாவது நடுத்தெரு. நான்காவது மறுபடி கீழத் தெரு. மனிதர் இப்படி நடக்க மாட்டார், வெளவால்தான் பறக்கும். அடுத்த மாதத்துப் பக்கத்தைப் பார்த்தேன். அதே பெயர்கள், அதே வரிசை. எங்கோ இரண்டு பெயர்கள் மட்டும் இடம் மாறியிருந்தன. அதற்கடுத்த மாதமும் அப்படியே. போன மாதத்துப் பக்கத்தை முன்னால் வைத்துக்கொண்டு பெயர்களைப் பார்த்து எழுதி, அளவுகளை மட்டும் மாற்றியிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். இரண்டு பெயர்களை இடம் மாற்றியதைக் கெட்டிக்காரத்தனம் என்று எடுத்துக்கொண்டேன்.

என்னோடு களப்பணிக்கு வந்தவர் திருக்கனூரைச் சேர்ந்த பெண். இரண்டு பிள்ளைகளின் தாய். இந்த வேலையில் என்னைவிட ஐந்து வருடம் அனுபவம் கூடுதல். அவரிடம் வரைபடத்தைக் காட்டினேன்.

"பாத்தியாம்மா, பறந்துருக்காங்க."

அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பொய் எழுதுறவங்க இவ்ளோ மோசமாவா எழுதுவாங்க சார்? நானா இருந்தா தெரு வரிசையா எழுதி, அரை மணிக்கு ஒரு வூடுன்னு போட்டுருப்பேன். அந்தம்மாவ ஒரு வார்த்த கேட்டுடலாமே."

"கூடாது. நடத்துறவங்கள மொதல்ல கேட்டா, அவங்க சொல்றதே நம்ம மண்டையில ஏறிடும். விதி அதுதான்."

விதி அதுதான். நல்ல விதியும்கூட. அதற்குப் பின்னால் நான் எவ்வளவு வசதியாக ஒளிந்துகொண்டேன் என்பதைத்தான் எழுத வந்தேன்.

மறுநாள் ஊருக்குப் போனோம். வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஊருக்குள் இருக்கும் வீடுகள் எனக்கு, காலனி அவருக்கு. ஏன் அப்படிப் பிரித்தேன் என்று அன்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. நானும் நெல்லும் கரும்பும் போடும் குடும்பத்தில் பிறந்தவன். ஊருக்குள் எந்த வீட்டு வாசலில் நின்றாலும் என் பேச்சையும் நிற்கும் விதத்தையும் பார்த்தே, "உள்ள வாங்க" என்று நாற்காலி போடுவார்கள். போட்டார்கள்.

பதிவேட்டுப் பக்கத்தில் ஒன்பதாவது பெயர் நடுத்தெருவில் ஓர் அம்மாவுடையது. அறுபது வயது இருக்கும், கலகலப்பானவர். சொம்பில் தண்ணீர் கொடுத்து மின்விசிறியைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தார். படிவத்தில் இருந்த கேள்வியை அப்படியே கேட்டேன்.

"மாசா மாசம் பிரஷர் பாக்க ஒங்க வீட்டுக்கு அந்தப் பணியாளர் வராங்களாம்மா?"

"வூட்டுக்கா?" அவர் சிரித்துவிட்டார். "அவ எப்பிடிங்க வூட்டுக்கு வருவா?"

"அப்ப வரல?"

"வரல."

'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அடுத்த கேள்வி மாத்திரை கிடைக்கிறதா என்பது. "அது கெடைக்குது, ஒண்ணும் கொற இல்ல" என்றார். அதற்கு 'ஆம்'. எங்கே கிடைக்கிறது என்று படிவத்தில் கேள்வி இல்லை. நான் கேட்கவும் இல்லை. கோழிக்கூண்டு வரை எட்டிப் பார்த்த ஆள், அந்த இடத்தில் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

அந்த அம்மா எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "எப்படி வருவா?" என்பதிலேயே முழுப் பதிலும் இருந்தது. பணியாளர் காலனிப் பெண் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஊரில், எங்கள் வீட்டில், யார் எந்தப் படி வரை வரலாம் என்று பார்த்து வளர்ந்தவன் நான். வேறு தேசத்திலிருந்து ஒருவர் இந்த மதிப்பீட்டுக்கு வந்திருந்தால்கூட, "ஏன் வர முடியாது?" என்று கேட்டிருப்பார். எனக்கு அது கேள்வியாகவே படவில்லை.

ஊருக்குள் நான் கண்ட பதின்மூன்று வீட்டிலும், 'வரவில்லை'. காலனியில் திருக்கனூர்ப் பெண் கண்ட வீடுகளில் பாதிப் பேர் வீட்டுக்கு வந்ததாகவும், பாதிப் பேர், "அங்கயே பாத்துடுவாங்க" என்றும் சொல்லியிருந்தார்கள். 'அங்கயே' என்றால் எங்கே என்று அவர் ஓரத்தில் குறித்து வைத்திருந்தார்: பால் சொசைட்டி. அதையும் படித்தேன். காலனிக்காரர்கள் பணியாளரின் உறவினர்கள், சார்பாகப் பேசியிருக்கலாம் என்று ஒரு வரி எழுதி, அந்தப் பதில்களை ஒதுக்கி வைத்தேன். நான் நாற்காலியில் உட்கார்ந்து கேட்ட பதில்களுக்குச் சார்பு எதுவும் இல்லை என்று நினைத்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதுதான் இதில் மோசமானது.

மனிதன் மனத்திலிருந்து எண்களை எழுதினால் கை காட்டிக் கொடுத்துவிடும். கடைசி இலக்கத்தைப் பார்த்தால் போதும். சைபரும் ஐந்தும் திரும்பத் திரும்ப வரும், ஏழும் மூன்றும் குறையும். மெஷின் காட்டும் எண்ணில் அப்படி இருக்காது, பத்து இலக்கங்களும் ஏறக்குறையச் சமமாகச் சிதறிக் கிடக்கும். இதை நான் பல வருடம் மாணவர்களுக்கு நடத்தியிருக்கிறேன். அந்தப் பதிவேட்டுக்கும் செய்து பார்த்தேன், பொய்யை உறுதிசெய்யத்தான். எண்கள் அழகாகச் சிதறிக் கிடந்தன. அவை மனித மனத்திலிருந்து வந்த எண்கள் இல்லை.

அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, இத்தனை சிறிய பதிவேட்டில் இந்தச் சோதனை செல்லாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தாளை மடித்துக் கோப்பின் கடைசியில் செருகினேன். அறிக்கையில் அது இல்லை. மாணவன் ஒருவன் இப்படிச் செய்திருந்தால் கட்டாயம் பெயில் போட்டிருப்பேன். அன்று யாருக்கும் பாஸ் போட எனக்கு மனமில்லை, அவ்வளவுதான். யாரையாவது பிடித்துவிட்டேன் என்று ஒருமுறையாவது சொல்ல வேண்டியிருந்தது. அலுவலகத்தில் பாராட்டினார்கள்.

அடுத்த மாதம் அந்தப் பணியாளரை நிறுத்திவிட்டார்கள். வேறு ஊரிலிருந்து புதியவரைப் போட்டார்கள். திருக்கனூர்ப் பெண்தான் எனக்கு இதைச் சொன்னார். சொல்லிவிட்டு, "ஒரு வார்த்த கேட்டுருக்கலாம் சார்" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னோடு களப்பணிக்கு வரவில்லை.

ஏழு மாதம் ஓடியது. வில்லியனூரில் எங்கள் தெருமுனையில் ஒரு பால் பூத் இருக்கிறது. தினமும் ஆறு மணிக்குப் போவேன். ஒரு நாள் செருப்பு அறுந்து தாமதமாகிப் போய் வரிசையின் கடைசியில் நின்றேன். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே பால் வாங்கும் ஒருவர் எனக்கு முன்னால் எப்போதும் நிற்பார். பாக்கெட்டோடு திரும்பியவர் என்னைப் பார்த்து, "இன்னா சார், இங்க நிக்கிறீங்க? ஒங்க எடம் நாலாவது ஆச்சே!" என்றார்.

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நாயோடு வருபவர் முதல், இஸ்திரிக் கடைக்காரர் இரண்டாவது, ஹெல்மெட்காரர் மூன்றாவது, நான் நான்காவது, எனக்குப் பின்னால் ஆறு பாக்கெட் வாங்கும் இட்லிக்கடை அம்மா. மூன்று வருடமாக நாங்கள் இதே வரிசையில் நிற்கிறோம். என்றாவது இரண்டு பேர் இடம் மாறுவார்கள். எங்களில் யாருடைய வீடும் அடுத்தடுத்து இல்லை. ஒருவர் எங்கள் பெயர்களை எழுதி வரைபடத்தில் கோடு போட்டால் வெளவால்தான் பறக்கும்.

வீட்டுக்கு வந்து கோப்பைத் தேடி எடுத்தேன். பெயர்ப் பக்கத்தின் நகல் இருந்தது. எனக்கு அப்போது ஆவல்தான் அதிகமாக இருந்தது. குற்ற உணர்ச்சிக்கு முன்னால் ஆவல் வந்ததையும் மறைக்க விரும்பவில்லை. தெரிந்த ஆட்டோக்காரரை மறுநாள் விடியுமுன் வரச் சொன்னேன்.

ஐந்தே முக்காலுக்கு அந்த ஊரின் பால் சொசைட்டி வாசலில் நின்றேன். ஒரே அறை. மேசைமேல் பாலின் சத்தைப் பார்க்கும் மெஷின், பக்கத்தில் பெரிய கேன்கள், சுவரோரம் ஒரு நீளப் பலகை. பாலை அளந்து எழுதுகிறவர் ஐம்பது வயதுக்காரர். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், ஆபீஸ்லேர்ந்து வரீங்களா? கலப்படம் கிலப்படம்னு யாராச்சும் பெட்டிஷன் போட்டாங்களா?"

"இல்லப்பா. சும்மா பாக்க வந்தேன்."

"சும்மா பாக்க இந்நேரத்துக்கு ஒருத்தரும் வர மாட்டாங்களே. சரி, ஓரமா நில்லுங்க."

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. பால் கொண்டுவந்தவரின் பெயரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதுவார். சட்டைப் பையிலிருந்து நகலை எடுத்து விரித்தேன்.

என் தாளில் இருந்த முதல் பெயரைச் சொன்னார். கீழத் தெரு. இரண்டாவதைச் சொன்னார். காலனி. நடுநடுவே என் தாளில் இல்லாத பெயர்களும் வந்தன. அவர்களுக்கு ரத்த அழுத்தம் இல்லை, அவ்வளவுதான். மூன்றும் நான்கும் இடம் மாறி வந்தன. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மனிதர் தூக்கோடும் கேனோடும் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்து பாலை நீட்டினார். நான் பொய் என்று எழுதிய பக்கம் என் கண்ணெதிரே வரிவரியாக நடந்து வந்துகொண்டிருந்தது. ஊராரின் பாலும் காலனியின் பாலும் ஒரே கேனில் விழுந்தன.

ஒன்பதாவது பெயரைச் சொன்னபோது வந்து நின்றது அந்த அம்மா இல்லை, ஓர் இளம் பெண்.

"மாமியாருக்கு எப்பிடிம்மா இருக்குது?" என்று கேட்டார் எழுதுகிறவர்.

"அப்பிடியே தான் கெடக்குறாங்கண்ணா. எடது கையி அசையல. பேச்சும் கொழகொழன்னு தான் வருது."

ஒரு நிகழ்வை வைத்துக் காரணம் சொல்லக் கூடாது. புள்ளியியலின் முதல் பாடம் அது. அளவு பார்ப்பது தொடர்ந்து நடந்திருந்தாலும் அந்த அம்மா படுத்திருக்கலாம். இதை நான் அன்றும் எனக்குச் சொல்லிக்கொண்டேன், இன்றும் சொல்லிக்கொள்கிறேன். உதவவில்லை.

"இப்பல்லாம் இங்க பிரஷர் பாக்கறது இல்லியாப்பா?" என்று எழுதுகிறவரைக் கேட்டேன்.

"அத ஏன் கேக்குறீங்க. புதுசா ஒரு அம்மா வருது. பத்து மணிக்கு வூடு வூடா போவுது. பத்து மணிக்கு எவன் வூட்டுல இருக்கான்? நடவுக்குப் போயிருப்பான், இல்லன்னா வேலைக்குப் போயிருப்பான். 'வீடு பூட்டியுள்ளது'ன்னு எழுதிக்கினு போயிடுது. முன்னாடி இருந்தது தான் சரி. அதோ வருது பாருங்க, அதுதான். வா டாக்டரம்மா!"

வாசலில் முப்பத்தெட்டு, நாற்பது வயதுப் பெண் ஒருவர் தூக்கோடு வந்து நின்றார். ஒரு தனியார் கம்பெனியின் சீருடைச் சேலை. அவரை நான் அதுவரை பார்த்ததில்லை. அவர் என்னைப் பார்த்திருந்தார்.

"சார் தான? வெள்ள கார்ல வந்து அந்தத் தெருவுல பதிமூணு வூடு ஏறி எறங்குனீங்களே."

"ஆமாம்மா."

"நான் கோயில் கிட்டயே நின்னுக்கினு இருந்தேன் சார், மத்தியானம் வரைக்கும். என்ன ஒரு வார்த்த கூப்ட்டுக் கேப்பீங்கன்னு."

"திட்டத்துல வேல செய்யறவங்கள மொதல்ல கேக்கக் கூடாதுன்னு எங்களுக்கு ஒரு விதிம்மா."

"மொதல்ல கேக்கக் கூடாது, சரி. கடைசியில?"

அவர் பாலை ஊற்றிவிட்டு, கம்பெனி வேன் வரும்வரை அந்தப் பலகையில் உட்கார்ந்து சொன்னார். நான் கேட்டது கொஞ்சம், அவர் சொன்னது நிறைய. அவருக்கும் ஒரு மாடு. தினமும் இங்கே பால் ஊற்ற வருவார். ஊர்க்காரர்கள் வீட்டில் அவரை வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். வெயிலில் தெருவில் நின்று கையில் பட்டையைச் சுற்றினால் அளவு தாறுமாறாக வந்தது. பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். இங்கே அந்தச் சங்கடம் இல்லை. முன்னால் இரண்டு மூன்று பேர் இருக்கும்போதே வருகிறவரைப் பலகையில் உட்கார வைத்துவிடுவார். அவர் முறை வருவதற்குள் ஐந்து நிமிடம் ஆகிவிடும். மாடு இல்லாத காலனிக்காரர்களை மட்டும் வேறு நாளில் வீட்டுக்கே போய்ப் பார்ப்பார்.

"அஞ்சு நிமிசம் ஒக்கார வைக்கணும்னு ட்ரெயினிங்ல சொன்னாங்க இல்ல? எந்த வூட்டுல சார் அஞ்சு நிமிசம் சும்மா ஒக்காருவாங்க? இங்க வேற வழி இல்லாம ஒக்காருவாங்க."

ஐந்து நிமிட ஓய்வுக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை நான் எந்த அறிக்கையிலும் படித்ததில்லை.

"இங்கதான் பாக்கறேன்னு எழுதியிருக்கலாமேம்மா?" என்று கேட்டேன். அப்போதும் எனக்கு ஒரு சின்ன ஓட்டை கிடைக்குமா என்று பார்த்தேன்.

"ஃபாரத்துல 'வீட்டு வருகை'ன்னு ஒரே ஒரு கட்டம் தான் சார். டிக் போட்டா மாத்திர வரும், போடலன்னா வராது. டிக் போட்டது தப்பு தான், ஒத்துக்கறேன். ஆனா கையப் பாக்காம நம்பர் எழுதுனேன்னு சொன்னீங்களே, அது..." வேனின் ஹாரன் கேட்டது. எழுந்துகொண்டே சொன்னார்: "வேல போனா போவுது சார். இந்த ஊருல என்ன இப்ப பொய் எழுதுனவன்னு சொல்றாங்க. எம் பொண்ண ஸ்கூல்ல சொல்றாங்க. நான் பொய் எழுதலன்னு நீங்க எழுதித் தாங்க."

அன்றே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. நிறுவனத்தின் தலைவருக்குப் போன் செய்தேன். "சார், அந்த ரிப்போர்ட் முடிஞ்சுபோச்சு. இப்பப் போயி மாத்துனா நம்ம மத்த ரிப்போர்ட்டையும் சந்தேகப்படுவாங்க" என்றார். நியாயமாகத்தான் பட்டது. பத்து நாள் சும்மா இருந்தேன். பதினோராம் நாள் உட்கார்ந்து இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். அறக்கட்டளைக்கு ஒன்று, நிறுவனத்துக்கு ஒன்று, அந்தப் பணியாளருக்கு ஒன்று. பெயர் வரிசையின் விளக்கம், ஒதுக்கி வைத்த காலனிப் பதில்கள், மறைத்த கடைசி இலக்கத் தாள், எல்லாம் அதில் இருந்தன. தபாலில் சேர்க்கும் முன் அவர் பார்க்கட்டும் என்று மறுபடி விடியலில் சொசைட்டிக்குப் போனேன்.

அவர் பலகையில் உட்கார்ந்து நிதானமாகப் படித்தார். வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"'சமூகச் சூழல் காரணமாகப் பணியாளர் வீடுகளுக்குள் செல்ல இயலவில்லை.' இது இன்னா சார்?"

"அதான்மா, நீ சொன்னது."

"நான் சூழல்னு சொல்லலியே. சூழல்னா மழ கிழன்னு நெனச்சிக்குவாங்க. ஒள்ள வுடலன்னு எழுதுங்க. ஏன் வுடலன்னும் எழுதுங்க."

எழுதுகிறவர் மெஷினிலிருந்து தலையைத் தூக்கினார். "எதுக்கும்மா வம்பு? சார் ஏதோ நல்லதுக்கு எழுதியிருக்காரு."

"வம்பு இல்லண்ணே. நான் ஏன் போவலன்னு கேட்டா இன்னா பதில்? சோம்பேறின்னு ஆயிடும்."

எனக்கு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்த பதின்மூன்று வீடுகளும் நினைவுக்கு வந்தன. அந்த வீட்டுக்காரர்களில் பலர் அந்த வரிசையிலேயே நின்றார்கள். சொசைட்டி மேசையில் தாளை வைத்து அந்த வரியை அடித்தேன். மேலே எழுதினேன்: "அவர் காலனியைச் சேர்ந்தவர் என்பதால் ஊருக்குள் அவரை வீட்டுக்குள் விடவில்லை. ஒருவர் இதை என்னிடம் நேராகவே சொன்னார். எனக்கு அது புரிந்தது. புரிந்தும் 'இல்லை' என்ற கட்டத்தில் மட்டும் டிக் போட்டேன்."

அவர் அதைப் பார்த்தார். "இங்கயே படிங்க சார். இங்கதான் எம் பேரு கெட்டுது."

படித்தேன். வகுப்பறையில் அறுபது பேர் முன்னால் பேசிப் பழகிய குரல், அந்த வரிக்கு வந்ததும் தானாக இறங்கியது.

"சத்தமா, சார்" என்றார் அவர்.

மறுபடியும் அந்த வரியை முதலிலிருந்து படித்தேன். ஒரு தூக்கின் மூடி கீழே விழுந்து உருண்டது. பிறகு நடுத்தெருப் பெண் ஒருவர், "யாரு ஒள்ள வுடல? நாங்க இன்னா வாணான்னா சொன்னோம்?" என்றார்.

அவருக்குப் பின்னால் நின்ற வயதான பெண் ஒருவர், அவரும் ஊர்க்காரர்தான், "வாணான்னு சொல்லல. வான்னும் சொல்லலியேடி" என்றார்.

"நீ மட்டும் சொன்னியா?"

"நானும் தான் சொல்லல. இல்லன்னு யாரு சொன்னா?"

"பஞ்சாயத்த அப்பறம் வச்சிக்கோங்க. பால ஊத்துங்க, திரிஞ்சிடப் போவுது" என்றார் எழுதுகிறவர். வரிசை நகர்ந்தது. முதலில் பேசியவர் பாலை ஊற்றிவிட்டு யாரையும் பார்க்காமல் போனார். இன்னும் இரண்டு பேர் அவர் பின்னாலேயே போனார்கள். மற்றவர்கள் நின்று கடிதத்தின் மீதியைக் கேட்டார்கள். எண்கள் பொய்யில்லை என்று நான் விளக்கிய இடத்தில் ஒருவர், "அதத்தான் நாங்க அப்பவே சொன்னோமே, எங்க கையில தான கட்டுச்சி" என்றார். அப்போது சொன்னார்களா, யாரிடம் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

தன் பிரதியை அந்தப் பணியாளர் வாங்கி நாலாக மடித்துத் தூக்கு வைத்திருந்த பைக்குள் போட்டார். நன்றி சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, நானும் அப்படிக் கேட்கவில்லை. வேன் வந்துவிட்டது, போய்விட்டார். மற்ற இரண்டு பிரதிகளிலும் அதே வரியைத் திருத்தி எழுதி, அன்றே பாகூர்த் தபால் நிலையத்தில் பதிவுத் தபாலில் சேர்த்தேன்.

நிறுவனத்திலிருந்து, இனி என் சேவை தேவையில்லை என்று மரியாதையாக ஒரு பதில் வந்தது. அறக்கட்டளையிலிருந்து இதுவரை எதுவும் வரவில்லை. வேலை அவருக்குத் திரும்பக் கிடைக்குமா, கிடைத்தாலும் கம்பெனியை விட்டுவிட்டு வருவாரா என்று எனக்குத் தெரியாது.

நான் படித்தபோது அங்கே நின்றவர்களை என் பழக்கம் எண்ணிவிட்டது. பத்தொன்பது பேர், போன மூன்று பேரையும் சேர்த்து. ஊரில் அதைப்போலப் பல மடங்கு வீடுகள் இருக்கின்றன. அந்தப் பத்தொன்பது பேர் வீட்டுக்குப் போய் என்ன சொன்னார்கள்? பள்ளிக்கூடத்தில் அவருடைய மகளை இப்போது என்ன சொல்கிறார்கள்? தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வீடுகளில் மறுபடி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டிய ஆள் நானில்லை.